தடம் தெரிந்தவர்கள்

ஆப்பிரிக்காவின் மத்திய கலஹாரிப் பாலைநிலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நண்பகலில் மான்கள் நிழல் தேடி ஒதுங்கிவிடும். சான் பழங்குடி வேட்டைக்காரர்கள் கிளம்புவது அந்த நேரம் பார்த்துத்தான். வயிறு கொண்டமட்டும் தண்ணீர் குடித்துக்கொள்கிறார்கள். முள்மரத்தடியில் நிற்கும் குடு மான் கூட்டத்தை எழுப்பி விரட்டுகிறார்கள். முறுக்குக் கொம்புள்ள ஆண் குடு 200 கிலோவைத் தாண்டும் பெரிய விலங்கு. சில பாய்ச்சலில் புதருக்குள் மறைந்துவிடும். வேகத்தில் மனிதன் அதற்கு எந்த வகையிலும் ஈடில்லை. அவர்கள் அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லோட்டமாகப் போகிறார்கள். அடுத்த நிழலில் மான் நின்று மூச்சு வாங்கத் தொடங்கும்போது அங்கே வந்து சேர்கிறார்கள். மறுபடியும் பாய்ச்சல், மறைவு, தடம். இப்படியே இரண்டு மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம். 25 முதல் 35 கிலோமீட்டர் வரை. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட, கடைசியில் ஒருவர் மட்டும் தொடர்கிறார். ஒரு கட்டத்தில் மான் நின்றுவிடுகிறது. ஆள் நெருங்கி வந்தும் அசைவதில்லை. ஈட்டிக்கு வேலை வருவது அப்போதுதான்.

தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லூயிஸ் லீபன்பெர்க் 1980களிலிருந்து இந்த மக்களோடு நடந்தும் ஓடியும் இத்தகைய வேட்டைகளைப் பதிவு செய்து, 2006இல் ஆய்விதழில் வெளியிட்டார். 2000இல் வந்த ‘தி கிரேட் டான்ஸ்’ ஆவணப்படத்திலும் இதைப் பார்க்கலாம். பார்த்தவர்களுக்கு உடனே எழும் கேள்வி, மெதுவாக ஓடுகிறவன் வேகமாக ஓடுகிறதை எப்படிப் பிடிக்க முடியும் என்பதுதான்.

விடை வியர்வையில் இருக்கிறது. மனித உடலில் இருபது லட்சத்துக்குக் குறையாத வியர்வைச் சுரப்பிகள் உண்டு. உடலில் அடர்ந்த ரோமமும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே தோல் முழுவதும் குளிர்ந்துகொண்டே வரும். நாலுகால் விலங்குகளில் பலவும் முக்கியமாக மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கின்றன. பாய்ந்தோடும்போது அவற்றின் மூச்சு கால்வீச்சோடு பூட்டிக்கொள்கிறது. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. இரைத்துக்கொண்டே பாய்வது அவற்றால் ஆகாது. நின்றால்தான் சூடு இறங்கும், நிற்கவிடாமல் செய்தால் ஏறிக்கொண்டே போகும். இந்த முரண்பாட்டை உயிரியலாளர் டேவிட் கேரியர் 1984இல் எடுத்துக்காட்டினார். டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் 2004இல் ‘நேச்சர்’ இதழில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். குதிகால் தசைநாண், பிட்டத்தின் பெரிய தசை, ஓடும்போது தலை ஆடாமல் பிடிக்கும் பிடரி நாண் என நம் உடலின் பல உறுப்புகள் நெடுந்தூர ஓட்டத்துக்காகவே உருவானவை போலிருக்கின்றன என்றார்கள்.

இதை எல்லோரும் ஏற்கவில்லை. தொல்மனிதர்கள் தின்ற விலங்குகளின் எலும்புகளில் வலுவான, வளர்ந்த விலங்குகளே மிகுதி. களைத்து விழக்கூடிய குட்டிகளும் கிழடுகளும் குறைவு. எனவே பதுங்கியிருந்து தாக்கியிருக்க வேண்டும் என்று ஹென்றி பன் போன்ற தொல்லியலாளர்கள் வாதிட்டனர். ஓட்டக் கருத்தின் தரப்புக்கு 2024இல் புது வலு கிடைத்தது. பயணிகளும் பாதிரிமார்களும் இனவரைவியலாளர்களும் எழுதிவைத்த பழைய பதிவுகளை யூஜின் மோரினும் புரூஸ் விண்டர்ஹால்டரும் அலசி, உலகின் பல பகுதிகளிலிருந்து இப்படி ஓடிக் களைப்பிக்கும் வேட்டை பற்றி ஏறத்தாழ 400 குறிப்புகளைத் திரட்டினார்கள். கலஹாரியின் வறண்ட மணலுக்கு மட்டும் உரியது இது என்ற எண்ணம் அதோடு போயிற்று.

கால்களைப் பற்றிய இந்த விவாதத்தில் பின்னுக்குப் போய்விடும் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. வேட்டை நேரத்தின் பெரும்பகுதியில் மான் கண்ணில் படுவதே இல்லை. கூட்டத்தோடு ஓடிய மான் தனியாகப் பிரிந்த இடம் எது, பல குளம்படிகளுக்கிடையில் விரட்டிய அதே மானின் அடி எது என்று ஓட்டத்திலேயே தெரிந்தாக வேண்டும். தவறிப்போய் வேறொரு மானின் தடத்தில் ஏறிவிட்டால், களைப்பில்லாத புது மானை முதலிலிருந்து விரட்ட வேண்டியதுதான். வியர்வை எவ்வளவு இருந்தாலும் தடம் தெரியாதவனுக்கு இறைச்சி இல்லை.

தடத்தில் என்ன தெரியும்? குளம்பின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதியது. காற்று பட்டு மணல் சரிந்திருந்தால் பழையது. இரவில் ஊரும் வண்டின் கோடு தடத்தின் மேல் குறுக்கே போயிருந்தால், விலங்கு கடந்தது அதற்கு முன். தடம் வண்டின் கோட்டை அழித்திருந்தால் அதற்குப் பின். எற்றிய மணலில் வேகம் தெரியும். அடிகள் நெருங்கி, கால் இழுபட்டு, நிழலுக்கு நிழல் தடம் வளைந்து போனால் விலங்கு சோர்கிறது. இது முதல் நிலைதான். கெட்டியான தரையில் தடம் அற்றுப்போகும்போதுதான் உண்மையான திறமை தொடங்குகிறது. காற்று எங்கிருந்து வீசுகிறது, நீர் எங்கே, இந்த வெயிலில் இந்த மான் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று யோசித்து ஓர் ஊகத்துக்கு வருகிறார்கள். இடையில் உள்ள தரையை விட்டுவிட்டு, ஊகித்த இடத்துக்கே நேராகப் போகிறார்கள். தடம் அங்கே இருந்தால் ஊகம் சரி. இல்லையென்றால் அதைக் கைவிட்டு வேறொன்றை எடுக்கிறார்கள். நடுவில் வாக்குவாதம் நடக்கிறது; மூத்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காக இளையவர் வாய்மூடுவதில்லை, ஏனென்றால் தீர்ப்பு மணலில் இருக்கிறது.

இதைப் பார்த்துத்தான் லீபன்பெர்க் 1990இல் வெளியிட்ட நூலில், அறிவியல் சிந்தனையின் தோற்றுவாயே தடம் பார்ப்பதில் இருக்கிறது என்று வாதிட்டார். அளவீடும் எழுத்தும் கணிதமும் இல்லாத ஒன்றை அறிவியல் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி ஊகித்து, அதைச் சோதித்து, பொய்த்தால் விட்டுவிடும் மனப்பழக்கம் ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பசியோடு அலைந்தவர்களுக்கு அது அன்றாடத் தேவையாக இருந்தது.

இந்த அறிவைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். நமீபியாவில் விலங்கியலாளர் பிலிப் ஸ்டாண்டர், சான் மக்களில் ஒரு பிரிவினரான ஜுஹோன்சிகளில் தடம் பார்ப்பவர்கள் நால்வரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். விலங்கின் இனம், பால், வயது, அது செய்த காரியம் என்று தடத்தை வைத்து அவர்கள் சொன்னதை, ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த தகவலோடு ஒப்பிட்டார். 569 முறையில் 98 விழுக்காடு சரியாக இருந்தது. 1997இல் கட்டுரை வெளியானபோது அந்த நால்வரின் பெயர்களும் ஆசிரியர் வரிசையில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் பெயர் மட்டுமே ஏறும் பட்டியலில் அவர்களும் ஏறியது நியாயம்.

2013இல் நடந்தது இன்னும் வியப்பு. பிரான்சின் குகைகளில் பனியுக மனிதர்களின் காலடிகள் களிமண்ணில் அப்படியே இருக்கின்றன. துக் தோதூபேர் குகையில், களிமண்ணால் செய்த காட்டெருமைச் சிலைகளுக்கு அருகே குதிகால் தடங்கள் மட்டும் பதிந்திருந்தன. இளைஞர்கள் ஆடிய சடங்கு நடனம் என்று நெடுங்காலமாக ஒரு விளக்கம் நிலவியது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் நமீபியாவிலிருந்து மூன்று ஜுஹோன்சி வேட்டைக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்கள் டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, தங்களுக்குள் பேசி, முடிவு சொன்னார்கள்: வளர்ந்த ஆண் ஒருவரும் ஒரு சிறுவனும், குழிக்குப் போய்க் களிமண் எடுத்து வந்திருக்கிறார்கள். நடனம் என்பதற்கு அங்கே சான்று இல்லை.

இதுவரை சொன்னது அறிவின் கதை. இதற்குள் ஓர் அறச்சிக்கல் பொதிந்திருக்கிறது. மான் எங்கே போகும் என்று ஊகிக்க, வேட்டைக்காரன் மானாக நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் தாகம், அச்சம், வலிக்கும் குளம்பு எல்லாவற்றையும் தன் உடலில் உணர வேண்டும். 1870களில் கேப்டவுனில் வில்ஹெம் ப்ளீக்கும் லூசி லாய்டும் சாம் மொழி பேசிய சான் மக்களின் வாய்மொழியைப் பதிவு செய்தார்கள். அவர்களில் காபோ என்ற முதியவர், ஸ்பிரிங்பாக் மான் வரும்போது அதன் முகத்துக் கறுப்புக் கோட்டைத் தம் முகத்திலும், அதன் கால் அசைவைத் தம் காலிலும் உணர்வதாக விளக்கியிருக்கிறார். இவ்வளவு நெருங்கி ஓர் உயிரை உணர்ந்த பிறகு அதைக் கொல்ல வேண்டியிருக்கிறது. உணராவிட்டால் கொல்லவே முடிந்திருக்காது.

இந்த முரணை அந்தச் சமூகங்கள் மறைக்கவில்லை. அதைச் சுற்றி வழக்கங்களைக் கட்டின. அம்பு வேட்டையை எடுத்துக்கொள்வோம். கிளுவை இனத்துச் செடிகளின் அடியில் மண்ணைத் தோண்டி ஒருவகை வண்டின் புழுக்களை எடுத்து, அவற்றின் சாற்றை அம்பில் பூசுகிறார்கள். முனையில் பூசுவதில்லை, கை தவறிக் கீறினாலும் ஆபத்து என்பதால் முனைக்குப் பின்னால் உள்ள தண்டில் பூசுவார்கள். விஷம் மெதுவாக வேலை செய்யும். பெரிய விலங்கு விழ ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஈலாண்ட் மான்மீது அம்பு எய்த சாம் வேட்டைக்காரன் அது விழும்வரை ஓடக் கூடாது, மெல்ல நொண்டியபடி ஊர் திரும்பித் தானே நஞ்சுண்டவன்போல் நோயுற்றுக் கிடக்க வேண்டும். அவன் துள்ளினால் மானும் துள்ளும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கொன்றவன் அந்தச் சாவைத் தன் உடம்பில் சுமந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் நம் காலத்து இறைச்சிக்கூடங்கள் அறியாத ஒரு நேர்மை இருக்கிறது.

இறைச்சி ஊருக்கு வந்த பிறகும் கட்டுப்பாடு தொடர்கிறது. ஜுஹோன்சிகளிடம் இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கு இல்லை, அம்புக்கு உரியவனுக்கு. அம்புகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வதால், வேட்டைக்குப் போகாத கிழவரோ பெண்ணோகூடப் பங்கிடும் பெருமையைப் பெறலாம். கொழுத்த மானைக் கொண்டுவந்தாலும் ‘எலும்பும் தோலும்தான்’ என்று ஊரே இகழும். வேட்டைக்காரனும் அதை ஆமோதிப்பான். கனடா மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ ஒரு கிறிஸ்துமஸுக்காகத் தாம் வாங்கித் தந்த கொழுத்த எருதை எல்லோரும் இகழ்ந்தபோது மனம் புண்பட்டார். நிறையக் கொல்கிற இளைஞன் தன்னைப் பெரியவனாக எண்ணத் தொடங்கிவிடுவான், அந்தச் செருக்கு ஒரு நாள் மனிதரையே கொல்லும் என்று பிறகு அவருக்கு விளக்கினார்கள். 1969இல் அவர் எழுதிய அந்தக் கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் பாடமாக இருக்கிறது.

ஐரோப்பியத் தத்துவத்தில் வேட்டையை முழு மனதோடு எடுத்துப் பேசியவர்களில் ஸ்பெயின் நாட்டு ஒர்டேகா இ காசெட் முக்கியமானவர். 1942இல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய முன்னுரையில், விலங்குக்குத் தப்பிக்கும் வாய்ப்பு இருக்கும்வரைதான் வேட்டை என்று ஒன்று இருக்க முடியும் என்றார். மனிதன் தன் மேலாதிக்கம் முழுவதையும் பயன்படுத்தினால் எஞ்சுவது அழிப்பு மட்டுமே; எனவே அவன் தானே தன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த வரையறை எனக்கு உவப்பானது. ஆனால் அது பொழுதுபோக்குக்கு வேட்டையாடும் கனவானின் வரையறை. பசிக்கு வேட்டையாடுபவனுக்குக் கையைக் கட்டிக்கொள்ளும் தெரிவு கிடையாது. வெயில், தூரம், தடம் எல்லாம் சேர்ந்து அவன் கையைக் கட்டியிருந்தன.

வேறொரு கோணத்திலிருந்து பேசியவர் ஆஸ்திரேலியத் தத்துவவாதி வால் பிளம்வுட். 1985இல் ககாடு தேசியப் பூங்காவில் படகில் போனபோது முதலை அவரைக் கவ்வி நீருக்குள் சுழற்றியது. எப்படியோ தப்பினார். தான் இன்னோர் உயிருக்கு உணவு என்ற உண்மை அந்த நொடியில் அவருக்கு நம்பமுடியாததாக இருந்தது. மனிதன் உண்பவன் மட்டுமே, உண்ணப்படுபவன் அல்லன் என்ற எண்ணத்தில்தான் இயற்கையோடு நமக்குள்ள பிணக்கின் வேர் இருக்கிறது என்று பிறகு எழுதினார். அவர் சைவ உணவுக்காரர். ஆனால் பழங்குடிகளின் வேட்டையைப் பாவம் என்று சொல்ல மறுத்தார். திருக்குறளின் புலால் மறுத்தலும் கொல்லாமையும் படித்து வளர்ந்த நமக்கு இந்த நிலைப்பாடு எளிதில் பிடிபடாது. உண்ணாதிருப்பதை அறமாகக் கொள்ளலாம். உண்கிறவனைவிட நான் இயற்கைக்கு வெளியே உயரத்தில் நிற்கிறேன் என்று எண்ணுவது வேறு.

பழங்குடி என்றாலே இயற்கையின் காவலர் என்று சொல்லிவிடுவதும் பொய். நியூசிலாந்தில் பாலினீசியர்கள் ஏறத்தாழ கி.பி. 1300 அளவில் குடியேறினார்கள். மோவா என்ற பறக்காத பெரும் பறவையில் ஒன்பது இனங்கள் அங்கே இருந்தன. மனிதரைக் கண்டறியாத அந்தப் பறவைகள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குள் முழுவதும் அழிந்தன. துப்பாக்கி இல்லை, வாகனம் இல்லை. புதிய நிலத்தில் வரம்பு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எளிதாகக் கிடைத்ததைக் கொன்றார்கள். அதே மக்கள்தான் பின்னாளில் ‘ராஹுயி’ என்ற தடைமுறையால் குறிப்பிட்ட நீரையும் காட்டையும் சில காலம் தொடாமல் விட்டுவைக்கும் வழக்கத்தை வளர்த்தார்கள். கட்டுப்பாடு இரத்தத்தில் வருவதில்லை. ஒரே இடத்தில் பல தலைமுறை இருந்து, இழந்து, கற்றுக்கொள்வது அது.

துப்பாக்கியும் ஜீப்பும் வந்தபோது கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே போய்விட்டது. மானின் நடத்தை தெரியாதவனும் மானைக் கொல்லலாம் என்றானது. அதன் விளைவு விலங்குகளின் உடலிலேயே பதிந்திருக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராம் மலையில் வாழும் பெருங்கொம்புச் செம்மறிகளை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக் கவனித்து வருகிறார்கள். கொம்பு குறிப்பிட்ட அளவு சுருண்டிருந்தால்தான் சுடலாம் என்பது அங்கே விதியாக இருந்தது. வேகமாகக் கொம்பு வளரும் கிடா இனப்பெருக்கத்தில் முந்தும் வயதை எட்டும் முன்பே சுடத்தக்கதாகிவிடும். கொம்பு சிறுத்த கிடா பிழைத்துக் குட்டி போடச் செய்யும். டேவிட் கோல்ட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியபடி, முப்பது ஆண்டுகளில் கிடாக்களின் எடையும் கொம்பும் மரபுவழியாகவே குறைந்துவிட்டன. மொசாம்பிக்கின் கொரங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் ஏறத்தாழ 18 விழுக்காடு. போருக்குப் பின் பாதிக்கும் மேல். ஓநாய்கள் பெரும்பாலும் குட்டி, கிழடு, நோயுற்றதைப் பிடிக்கின்றன. துப்பாக்கிக்காரன் சிறந்ததைப் பிடுங்குகிறான்.

இந்த அழிவைத் தடுக்கச் சட்டம் வேண்டியிருந்தது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இல்லையென்றால் நம் காடுகளில் இன்று எஞ்சியிருப்பது இன்னும் குறைவாகவே இருந்திருக்கும். எனக்கு அதில் ஐயமில்லை. ஆனால் சட்டம், தடம் பார்த்து ஒரு மானைக் கொன்றவனையும் ஜீப்பில் வந்து பத்தைச் சுட்டவனையும் ஒரே கோட்டில் நிறுத்தியது. போட்ஸ்வானாவில் மத்திய கலஹாரிக் காப்புக்காடு 1961இல் உருவானபோது சான் மக்களும் அதற்குள் இருந்தார்கள். 1997இலும் 2002இலும் அவர்களை வெளியேற்றினார்கள். 2006இல் உயர் நீதிமன்றம் வெளியேற்றமும் வேட்டை உரிமம் மறுத்ததும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 2014இல் நாடு முழுவதற்கும் வேட்டைத் தடை வந்தது; தனியார் வேட்டைப் பண்ணைகளுக்கு அதில் விலக்கு உண்டு. 2019இல் தடை நீங்கியபோது, அடுத்த ஆண்டே யானை வேட்டை உரிமங்கள் ஏலத்துக்கு வந்தன. காசுள்ளவனுக்குத் திறந்த கதவுதான் அது.

தமிழ்நாட்டு இருளர்களின் கதை வேறு வழியில் போனது. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த அவர்களுக்கு 1970களில் வந்த தடைகள் வாழ்வாதாரத்தைப் பறித்தன. 1978இல் ஊர்வனவியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலமான விஷத்தில் பெரும் பங்கு அவர்கள் கையிலிருந்து வருகிறது. கொல்வது நின்றுவிட்டது, வளையின் வாயில் ஏறிய வழவழப்பையும் உரித்த சட்டையையும் எச்சத்தையும் பார்த்து உள்ளே இருப்பது எது என்று சொல்லும் அறிவு நிற்கவில்லை.

அந்த அறிவுக்கு 2017இல் அமெரிக்கா விலை கொடுத்தது. ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் பர்மிய மலைப்பாம்பு பெருகிப் பாலூட்டிகளைத் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தது. ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016இல் நடந்த மலைப்பாம்பு பிடிக்கும் போட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். மறுஆண்டு இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே போய், முதல் எட்டு நாளில் 13 பிடித்தார்கள். அவர்கள் கண்ணால் பாம்பைத் தேடவில்லை, பாம்பு இருக்கக்கூடிய இடத்தைத் தேடினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

விருது இருவருக்குக் கிடைத்தது. முதுமலையிலும் ஆனைமலையிலும் இதே அறிவோடு காட்டுக்குள் நடக்கும் பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஏராளம். 2021 அக்டோபரில் மசினகுடியை அச்சுறுத்திய டி23 புலியை 21 நாள் தேடலுக்குப் பின் உயிரோடு பிடித்தபோது, ட்ரோன்களோடும் கும்கிகளோடும் தடம் பார்க்கும் பழங்குடியினரும் களத்தில் இருந்தார்கள். அவர்களைப் போன்றோர் பல ஆண்டுகள் தற்காலிகக் கூலிக்கே வேலை செய்கிறார்கள். வேட்டையைத் திரும்பத் திறந்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நமீபியாவில் நால்வரின் பெயர் ஆய்வுக் கட்டுரையில் ஏறியதுபோல, புலிக் கணக்கெடுப்பு அறிக்கையிலும் தடம் பார்த்தவரின் பெயர் ஏற வேண்டும். நிரந்தரப் பணியும், அந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஊதியமும் அவருக்கு வேண்டும். அவருடைய மகன் காட்டைவிட்டுத் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டால், அந்தப் பாடத்தை எந்தக் கல்லூரியிலும் சேர்ந்து படிக்க முடியாது.